ஆளில்லாத அறையின் சத்தம்

ஆளில்லாத அறைக்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் ஒருநாளும் தவறவிடாத வேலை ஒன்று உண்டு. குரல் கொடுப்பவர் உள்ளே போவதற்கு முன், அறையைக் காலி செய்து கதவைச் சாத்தி, வெறும் அமைதியைக் கொஞ்ச நேரம் பதிந்துகொள்வாள். பிறகு பேச்சில் இருமலையோ தடுமாற்றத்தையோ வெட்டினால், அந்த இடத்தை இந்த அமைதியால்தான் ஒட்டுப்போட வேண்டும். இன்று சாயங்காலம் அதை ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது, தரைவிரிப்பின் ஈரவாடை எப்போதும் வீசும் அந்த மூலையிலிருந்து, மெத்தை வைத்த சுவருக்குள் யாரோ முஷ்டியால் குத்துவதுபோல மெல்லிய சத்தம் வந்தது. வேகமாக மூன்று. நாலாவதில் ஒரு தடுக்கல். மறுபடி மூன்று.

தன் நெஞ்சில் கேட்ட அந்தத் தடுக்கலைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

போன மாதம்தான் தொடைவழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தைத் தாறுமாறாக ஓடவைத்த இடத்தைச் சுட்டுப் பொசுக்கினார்கள். துடிப்பு சீரானது. வலி மட்டும் போகவில்லை. மூச்சை இழுத்தால் இடது மார்புக்கடியில் சுருக்கென்றது. "சுட்ட புண்ணு ஆற வேண்டாமா? சின்ன வயசு, போயிடும். போகலைன்னா இன்னொரு தடவை உள்ள போய்ப் பாப்போம்," என்றார் டாக்டர். அந்த இன்னொரு தடவையை நினைத்தாலே அவளுக்கு உதறியது. அம்மா தாங்கமாட்டாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றபடி வந்தார் 'வெண்கலம்'. கணீரென்ற தொண்டைக்காக அந்தக் குரல்கலைஞருக்கு எல்லோரும் வைத்த பெயர்.

"உள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சாண்ணா?"

"என் குரலைத் தவிர ஒண்ணும் கேக்கலை. உன் நெஞ்சைச் சுட்டவங்க, அதுக்குள்ள இருக்கற பயத்தையும் சேர்த்துச் சுட்டிருக்கணும். வீட்டுக்குப் போ தாயே!"

சிரித்துக்கொண்டே அவர் கிளம்பிவிட்டார். அவளும் போயிருக்கலாம்.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நிதானமாக அடித்தது. அப்படியானால் அது அவளுடையது இல்லை. நேற்றைய அமைதியை எடுத்துக் கேட்டாள். அதிலும் இருந்தது, கொஞ்சம் தூரத்தில். முந்தாநாள் பதிந்ததில் இன்னும் தூரத்தில். சிகிச்சைக்கு முன்னால் பதிந்ததெல்லாம் சுத்தமாக இருந்தது.

மறுபடி காலி அறையைப் பதியத் தொடங்கினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், அறைக்குள் நாற்காலியும் மைக்கும் மட்டும். ஒலியளவு முள் துள்ளியது. மூன்று. தடுக்கல். ஒவ்வொரு துள்ளலுக்கும் மார்பில் ஒரு சுருக்.

இப்போது மூலையில் இல்லை. நாற்காலியருகே. மைக்கருகே. கண்ணாடியருகே.

காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். சத்தம் நிற்கவில்லை.

பிறகு நின்றது. முள் படுத்துக்கொண்டது. வலியும் போய்விட்டது.

மூச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னும் ஆழமாக இழுத்தாள். சுருக் இல்லை! அழுகையும் சிரிப்புமாக அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, வலி போயிடுச்சும்மா!"

"என் கண்ணே, நிஜமாவா? எங்க, தட்டிக் காட்டு."

சின்ன வயதிலிருந்தே அவர்களுக்குள் இருக்கும் பழக்கம் அது. கழுத்து நாடியில் விரல் வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் போனில் நகத்தால் ஒரு தட்டு தட்ட வேண்டும். அதைக் கேட்டால்தான் அம்மாவுக்கு உயிர் வரும்.

விரலை வைத்தாள். அழுத்தினாள். இடம் மாற்றி வைத்தாள்.

ஒன்றுமில்லை.

"ஏம்மா இவ்ளோ வேகமா தட்டறே?" அம்மாவின் குரல் நடுங்கியது. "ஐயோ, பழையபடி நாலாவதுல தடுக்குதேடி..."

அவள் இன்னும் தட்டவே இல்லை.

கண்ணாடிக்கு அப்பால், காலி நாற்காலி அவள் பக்கம் திரும்பியிருந்தது. முள் துள்ளிக்கொண்டிருந்தது.