பத்து டிகிரி கோணல்

காலை 11.20. மூக்குக்கண்ணாடிப் பட்டறையின் மாடியில், வெட்டும் மேஜைமேல் ஒரு லென்ஸ் செத்துக் கிடந்தது. விரிசல் இல்லை, கீறல் இல்லை. கண் மருத்துவர் சீட்டில் இருந்தது எண்பது டிகிரி, வெட்டியிருந்தது எழுபதில்.

பத்து டிகிரிதானே என்று நினைக்கக் கூடாது. சில கண்களுக்கான லென்ஸுக்குத் திசை உண்டு. கொஞ்சம் திரும்பினாலும் எழுத்து கலங்கும், தலை வலிக்கும். அதனால் முதலில் கோணம் பார்த்து லென்ஸை நிறுத்துவார்கள். அது அசையாதபடி பிடிப்பானை ஒட்டுவார்கள். பிறகுதான் இயந்திரம் வெட்டும். நிறுத்துவதற்கும் ஒட்டுவதற்கும் நடுவே இருபது விநாடி. அதற்குள் கவனம் சிதறினால் போயிற்று.

"இந்த வாரத்துல மூணாவது," என்றாள் லென்ஸ் வெட்டுகிறவள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்கா. "இன்னொண்ணு போச்சுன்னா வெட்டுற வேலைய வெளிய குடுத்துடுவேன்னு முதலாளி சொல்லிட்டார். அப்புறம் எனக்கு இங்க என்ன வேலைண்ணா?"

ஸ்டோர்காரர் லென்ஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எதையும் இப்படி உற்றுப் பார்ப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர்.

"யார் மேலம்மா சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல, டெலிவரி டிரைவர்தான்! 'வேலையாக இருக்கிறேன்'னு அட்டை எழுதி மாட்டினேன். கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு அதைப் பத்தியே பத்து நிமிஷம் பேசிட்டுப் போனார்."

மறுநாள் 9.30. பூதக்கண்ணாடி ஃபிரேம் எண்ணுகிற சாக்கில் அறை மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

9.42. வரவேற்பறைப் பெண் வந்தாள். அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அக்கா, புதுச் செருப்பா?" ஆறு நிமிடம்.

10.05. டிரைவர். அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு மாமியார் வந்து இறங்கிய கதை. பதினான்கு நிமிடம்.

10.31. லென்ஸை ஃபிரேமில் பொருத்துகிறவர். மேஜையைச் சுற்றி வந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார், மழை வருமா என்று கேட்டார்.

பன்னிரண்டு மணிக்குள் பதினோரு முறை. பூதக்கண்ணாடி கீழே இறங்கி டிரைவரை மடக்கினார்.

"மேல எதுக்குப் போனீங்க?"

"சும்மாதான் சார்."

"முட்டி வலின்னு புலம்புற ஆளு சும்மா மாடி ஏறுவாரா?"

"வண்டில ஏத்த எது ரெடின்னு பாக்கத்தான்."

"பாத்தாச்சுல்ல, இறங்க வேண்டியதுதானே?"

டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெப்படி சார்? ஒரு மனுஷி உக்காந்திருக்காங்க. வாயத் திறக்காம வந்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

12.30. எல்லோரும் மாடியில் கூடினார்கள்.

"குற்றவாளி டிரைவர் இல்ல," என்றார் பூதக்கண்ணாடி. அவர் விரல் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டியது. வெட்டி முடித்த லென்ஸ் தட்டுகள் அங்கேதான் இருந்தன. "வந்தவங்க எல்லாரும் முதல்ல எட்டிப் பாத்தது அதைத்தான். பேச்சு அப்புறம்தான் வந்துச்சு. எது முடிஞ்சுதுன்னு தெரியணும்னா உன்னைத் தாண்டணும். தாண்டினா மரியாதைக்கு நாலு வார்த்தை பேசணும். தட்டை அங்க வெச்சது யாரும்மா?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான்தாண்ணா. எழுந்து நடக்கிற நேரம் மிச்சமாகுமேன்னு..."

"மிச்சம் பண்ணது நாலு நடை. போனது முழுசா ஒன்றரை மணி நேரம்!"

"அப்ப என் மேல போட்ட பழிக்கு?" என்றார் டிரைவர்.

"தண்டனையா உங்க மாமியார் கதைய முழுசாக் கேக்கறேன். சாப்பாட்டு வேளைல சொல்லுங்க," என்றாள் அக்கா. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வாரம் ஒரு லென்ஸும் கோணவில்லை. வெட்டும் வேலையும் வெளியே போகவில்லை. செய்தது இவ்வளவுதான்: தட்டு அலமாரியை மாடிப்படியின் கீழே வைத்தார்கள். அக்கா மணிக்கு ஒரு முறை முடிந்தவற்றைக் கொண்டுவந்து அதில் அடுக்குகிறாள். எது தயார் என்று அவரவர் அங்கேயே பார்த்துக்கொள்கிறார்கள், பேச்சு பன்னிரண்டரைக்கு, சாப்பாட்டு வேளையில்.