பச்சை விளக்குக்காக ஒரு சண்டை

ஏணி ஆடியது.

"யோவ்... கண்ணு தெரியலையா?" என்று மேலிருந்து சீறிவிட்டுத்தான் அவள் கீழே பார்த்தாள். இடித்தவன் மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். கண்ணாடி முழுக்கத் துளிகள். நிஜமாகவே அவனுக்குக் கண் தெரியவில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான். மழை கழுவிவிட்ட மாதிரி இரண்டு கண்கள்... சே, வேலையைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம் அது. கூரை நெடுக வைஃபை கருவிகளைப் பொருத்தியது அவளுடைய கம்பெனி. ஒவ்வொரு கருவியும் கன்ட்ரோலர் என்ற தலைமைப் பெட்டியோடு சேர்ந்தால்தான் பச்சை விளக்கு எரியும். காலையிலிருந்து எல்லாம் சிவப்பிலேயே கண் சிமிட்டின. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவன், ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் ஆள்... இதோ, இந்தக் கண்ணாடிக்காரன்தான்.

கருவியில் கோளாறு என்றான் அவன். பெட்டியில் கோளாறு என்றாள் அவள். கேபிளை மாற்றிப் பார்த்தாள். மின்சாரம் ஒழுங்காக வந்தது. கருவிக்கு நெட்வொர்க் முகவரியும் கிடைத்திருந்தது. பெட்டியின் வாசல் வரை போய்க் கதவைத் தட்டவும் செய்தது. உள்ளேதான் விடவில்லை.

"உங்க பெட்டிய ஒரு தடவ பார்க்கணும்."

"நேத்து நானே செட் பண்ணினதுங்க. அதுல ஒண்ணும் இருக்காது."

"ஓஹோ... நீங்க தொட்டா தப்பே வராதோ?"

அவன் சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்தது. குழியைக் கவனித்துத் தொலைத்ததில் அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது.

மதியம் படிக்கட்டில் அவன் போனில் பேசியது காதில் விழுந்தது. பேசியது அவளுடைய மேலாளரிடம்தான். "படிச்சு முடிச்ச கையோட அனுப்பிட்டீங்க போல சார். கொஞ்சம் அனுபவம் இருக்கிறவரா அனுப்புங்களேன்..."

உச்சந்தலை வரை சுட்டது. ஆண் உறுதியாகப் பேசினால் அனுபவம், பெண் பேசினால் திமிர். நல்ல நியாயம்.

சற்று நேரத்தில் மேலாளரே கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் முடியவில்லை என்றால் நாளைக்கு வேறு ஆள் வருவார், அவள் வேலை நிரந்தரமாவதையும் மறந்துவிடலாம் என்றார். மூட்டை சுமந்தே தோள் காய்த்துப்போன அப்பா... எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் அப்பா... அவர் முகத்தில் எப்படி விழிப்பாள்?

நேராக அவன் அறைக்குப் போனாள்.

"எழுந்திரிங்க."

"எதுக்கு?"

"அந்த நாற்காலி எனக்கு வேணும்."

அவள் கண்ணைப் பார்த்தவன் மறுபேச்சில்லாமல் எழுந்தான்.

பெட்டி பதிந்து வைத்திருந்ததைத் திரையில் வரி வரியாகப் படித்தாள். எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்... தொழிற்சாலையில் கருவிக்குள் பதித்து அனுப்பும் அடையாளச் சான்றிதழ் செல்லாது. காலாவதி ஆகிவிட்டதா? இல்லை. அதன் காலம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம்.

சட்டென்று பெட்டியின் தேதியைப் பார்த்தாள். நாள் சரி. மாதம் சரி. வருடம்... போன வருடம்.

புது வருடம் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கைப்பழக்கத்தில் பழைய எண்ணையே அடித்திருக்கிறான். கருவிகளோ போன வருடம் நடுவில்தான் தொழிற்சாலையை விட்டு வந்தவை.

"உங்க பெட்டி கணக்குப்படி இதுங்க இன்னும் பொறக்கவே இல்ல. பொறக்காத புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துலங்க சேர்ப்பாங்க?"

அவன் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்தது. அவள் வருடத்தைத் திருத்தினாள். சிறிது நேரத்தில் வெளியே கூரையில் ஒரு பச்சை... அடுத்து இன்னொன்று... பிறகு நடைபாதை முழுக்க.

இனி சப்பைக்கட்டு கட்டுவான், கரண்ட் போனதால் வந்த வினை என்பான் என்று காத்திருந்தாள். வாய்ச் சண்டைக்கு வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துவிட்டாள். அவனோ போனை எடுத்து அவளுடைய மேலாளரைக் கூப்பிட்டு, அவளுக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தான்.

"தப்பு என்னோடது சார். வருஷத்த மாத்திப் போட்டுட்டேன். கண்டுபிடிச்சது இவங்கதான். மதியம் நான் பேசினது தப்பு."

மேலாளர் தொண்டையைச் செருமினார். வேறு ஆள் வேண்டியதில்லை, நிரந்தரம் செய்யச் சொல்லி நாளைக்கே நானே எழுதி அனுப்புகிறேன் என்றார்.

அவளுக்குக் கண் கரித்தது. அதை மறைக்க இன்னும் கடுகடுத்தாள். "பரிதாபப்பட்டுச் சொன்னீங்களா?"

"பயந்துபோய்ச் சொன்னேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்..."

சிரிப்பு வந்துவிட்டது. அதை உதட்டைக் கடித்து அடக்கியபடி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் மழை வழி மறித்தது. பின்னாலேயே வந்து அவனும் பக்கத்தில் நின்றான்.

"இங்க பாருங்க..." என்றாள். "என் வீட்டுல படிச்சு வெளிய வந்த முதல் ஆள் நான். யாரோ ஒருத்தர் போன்ல சொல்ற ஒரு வார்த்தையில எல்லாம் போயிடும். என்னைப் பத்தி என்ன சொல்றதா இருந்தாலும் என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

அவன் திரும்பினான். நேராகப் பார்த்தான்.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

தோளிலிருந்து நழுவிய பையை வெடுக்கென்று இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"எனக்கும்தான்" என்றாள்.

கோபமாகவே.