பழனியாண்டியின் மண்புழுத் தொட்டி

புழுவெல்லாம் செத்துக் கிடந்தது. ஒன்றிரண்டல்ல, தொட்டி முழுக்க. காலை எட்டு மணிக்கு மேலே மூடியிருந்த தென்னங்கிடுகைத் தூக்கிப் பார்த்த பழனியாண்டி போட்ட சத்தத்தில், வன்னியில் வற்றாப்பளைக்கு அங்கால இருந்த அந்தக் குடியேற்றமே திரண்டு வந்துவிட்டது.

தயாளினி மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்தினாள். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் கமம் செய்யும் சின்னக் குடும்பங்களுக்கு உதவிப்பணம் கொடுக்கும் நிறுவனத்தின் அலுவலர் அவள். பொறுமை என்பது அவளுக்குப் பிறப்பிலேயே கிடையாது. அந்த 2006 ஆனி மாதத்தில் வேறு யாருக்குத்தான் பொறுமை இருந்தது? சண்டை தொடங்கப் போகுது, வவுனியாப் பாதை பூட்டப் போகினம் என்று சனம் றேடியோவும் கையுமாய்த் திரிந்த காலம். நிறுவனமும் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. கடைசித் தவணை யாருக்கு, யாருக்கு இல்லை என்று அன்று பின்னேரத்துக்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

பழனியாண்டிக்கு அந்தத் தவணைதான் கிணறு. "கெணறு மட்டும் வெட்டிட்டா, செத்தாலும் இந்த மண்ணுதாங்க மிஸ்," என்று போன முறை சொல்லியிருந்தார். ஆனால் நிறுவனம் கறாரானது. புழுத்தொட்டி உயிரோடு இருக்க வேண்டும். நஞ்சு பட்ட காணிக்கு ஒரு சதமும் இல்லை.

கூட்டத்தின் நடுவில் கடைக்கார மஹ்றூப் நின்றார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனங்களோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, பாதை திறந்த பிறகு திரும்பி வந்த மனிதர். வவுனியாவிலிருந்து லொறியில் சாமான் கொண்டுவந்து விற்பவர். பூச்சிமருந்தும் அவர் கடையில்தான்.

"வேற ஆர்? பழனி மருந்து வாங்கிறதை விட்டதிலை இவருக்குத்தானே நட்டம்!" பக்கத்துக் காணி செல்வராசா மஹ்றூப்பைக் காட்டிக் கத்தினார். "கிட்டப் போகாதையுங்கோ, நஞ்சு! பிள்ளையளைப் பிடியுங்கோ!"

தாய்மார் பிள்ளைகளை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். யாரோ தன் நாயைக் கல்லெறிந்து துரத்தினார். பழனியாண்டி தலையில் கைவைத்து நின்றார். அவர் மனைவி பேச்சியம்மா தொட்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். அவருடைய முட்டைக்கோழிகள் தொட்டிக்குள் ஏறிக் கிளறி, புழுப் பொறுக்கின. பாவம், மனுசிக்கு ஒன்றும் ஓடவில்லை என்றுதான் தயாளினி நினைத்தாள்.

"மஹ்றூப் நானா, நேற்று இந்தப் பக்கம் வந்தனீங்களோ?" என்று தயாளினி கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. லொறியோடை ஓமந்தைச் சோதனைச் சாவடி வரிசையிலை நிண்டனான். விடியத்தான் வந்து சேர்ந்தன்."

"கண்ட ஆக்கள்?"

"அல்லாஹ் கண்டவன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மஹ்றூப் சிரிக்கவில்லை. இன்னொரு தடவையும் ஊரைவிட்டுப் போகச் சொல்வார்களோ என்ற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அடுத்தது செல்வராசா வீடு. முற்றம் முழுக்கப் பாயில் நெல் காய்ந்தது. கால் வைக்க இடமில்லை.

"அண்ணை, தவணை பழனியாண்டிக்கு இல்லையெண்டால் அடுத்தது நீங்கள்தானே?"

"அதுக்காக? புழுவைக் கொல்லிற அளவுக்கு நான் கேவலமே?"

"இது எப்ப அவிச்ச நெல்லு?"

"நேற்றுப் பின்னேரம். மனுசிக்குச் சுகமில்லை. பேச்சியம்மா வந்து அவிச்சுத் தந்தவா. ஏன், இதுக்கும் தடையோ?"

தயாளினி தொட்டியடிக்குத் திரும்பி நடந்தாள்; செல்வராசாவும் பின்னாலேயே வந்தார். தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி மண் அள்ளி முகர்ந்தாள். மருந்து நெடி துளியும் இல்லை. புளித்த, நன்றாகப் பழகிய ஒரு வாசம். வன்னியில் எந்த அடுப்படிக்குப் பின்னாலும் அடிக்கிற வாசம். மண்ணோடு உமி வெடித்த நாலு நெல்மணியும் வந்தது. கோழிகள் இப்போது பூவரசுக்குக் கீழே ஆறுதலாய் மண் குளித்தன.

"நஞ்சில்லை," என்றாள் உரக்க. "நஞ்செண்டால் இந்தக் கோழியள் எப்பவோ சுருண்டு விழுந்திருக்கும். நானாவை விடுங்கோ. கொன்றது கொதிதண்ணி. நெல் அவிச்ச தண்ணி. மணந்து பாருங்கோ."

எல்லாக் கண்ணும் செல்வராசா பக்கம் திரும்பின.

"ஐயோ, நானில்லை!"

"ஓம், நீங்களில்லை. நீங்கள் நஞ்செண்டு நம்பிப் பிள்ளையளைப் பிடிக்கச் சொன்னனீங்கள். ஊரே பதறி நாயைத் துரத்தினது. ஒரு ஆள் மட்டும், முட்டை வித்துச் சீவிக்கிற தன்ரை கோழியளைப் பார்த்துச் 'சூ' எண்டும் சொல்லேல்லை. நஞ்சில்லை எண்டு முதலே தெரிஞ்ச ஆளுக்குத்தான் அந்தப் பயம் வராது." தயாளினியின் குரல் இறங்கியது. "ஏன் பேச்சியக்கா?"

பேச்சியம்மா எழும்பவில்லை. "கடை மொதலாளி பேரு இழுபடும்னு நான் நெனைக்கலைங்க மிஸ். புழு செத்தா காசு வராதுன்னு மட்டுந்தான் நெனைச்சேன்."

"அடிப்பாவி! ஏன்டி?" என்றார் பழனியாண்டி.

"கெணறு வெட்டிட்டா நீ இங்கிருந்து அசைவியா? எழுவத்தேழு கலவரத்துல தேயிலத் தோட்டத்துல எங்க சனத்த அடிச்சப்ப எங்கப்பாவும் இப்படித்தான். தான் வச்ச பலாமரத்த விட்டுட்டு வரமாட்டேன்னு லயத்து வீட்டுலயே நின்னாரு. அவரப் பொதைச்ச எடம் எனக்குத் தெரியாது. ஒன்னையும் அப்படித் தேட என்னால ஏலாது."

தயாளினிக்கு அந்த மனுசியைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது, நாலு ஏச்சு ஏசவும் வேண்டும் போலிருந்தது.

"அண்ணை," என்றாள் பழனியாண்டியிடம். "காணியிலை நஞ்சில்லை. புழு நான் வேற தாறன். தவணை உங்களுக்குத்தான். வேணுமோ வேண்டாமோ, நீங்கள் சொல்லுங்கோ."

பழனியாண்டி கிணற்றுக்கு முளை அடித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு பெண்சாதியைப் பார்த்தார். செல்வராசா பக்கம் கையைக் காட்டினார். "அவருக்கே குடுத்துருங்க மிஸ். அவரு வெட்டட்டும்." நடந்து போய் மஹ்றூப்புக்கு முன்னால் நின்றார்.

"மொதலாளி, பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. ஒங்க லொறி மறுபடி எப்ப வவுனியாவுக்குப் போகுது?"

மஹ்றூப் விரல்விட்டு நாளை எண்ணினார்.

"வியாழக்கிழமை. வன்னியை விட்டு வெளியாலை போறதுக்குப் பாஸ் எடுத்து வையுங்கோ. சாமானைக் குறைச்சுக் கட்டுங்கோ."

அதைக் கேட்ட பிறகுதான் பேச்சியம்மா அழுதார்.