தோண்டக் கூடாத அகழி!

முதலில் தெரிந்தது ஒரு சப்பாத்து!

அகழியின் அடியில், ஈரக் களிமண்ணுக்குள், குதிக்கால் வானம் பார்த்தபடி.

அகழ்வாராய்ச்சிக்காரி கம்சிகா தூரிகையால் மண்ணை விலக்கினாள். சப்பாத்தின் அடியில் நாற்பத்திரண்டு என்று சைஸ் போட்டிருந்தது.

இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஆட்கள் சைஸ் பார்த்துச் சப்பாத்து வாங்கியதாகப் பல்கலைக்கழகத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இன்னும் கொஞ்சம் விலக்கினாள்.

காலுறை.

அதற்குள்... எலும்பு!

அவள் போட்ட அலறலில் லண்டன் ஓரத்து எப்பிங் காட்டுக் காகங்களெல்லாம் எழும்பிப் பறந்தன.

*

ஒரு மணித்தியாலத்தில் டிடெக்டிவ் சார்ஜன்ட் துசியந்தி அந்த அகழியின் விளிம்பில் நின்றாள். முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் படித்து, லண்டனில் பொலிசானவள். மூன்று இடத்திலும் அவளுக்குப் பொறுமையை மட்டும் யாரும் பழக்கவில்லை.

"சொல்லும் பிள்ளை. இது என்ன இடம்?"

"மண்கோட்டை அக்கா. அந்தா வட்டமாப் போற மண் அணை. அதுக்கு வெளியில இந்த அகழி. எதிரி ஏறி வர ஏலாம அந்தக் காலத்துச் சனம் வெட்டினது."

"எதிரி உள்ளுக்க எல்லே படுத்திருக்கிறான்!"

கம்சிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதில ஆரும் தோண்ட ஏலாது அக்கா. சட்டம். ஒரு கம்பு நடுறதுக்கும் அரசாங்கத்திட்டக் கேக்கோணும். ரெண்டு மீட்டர் அகலத்துக்கு வெட்டிப் பாக்க நாங்கள் ஆறு வருசம் அலைஞ்சம்."

பக்கத்தில் பலகை நின்றது. பாதுகாக்கப்பட்ட சின்னம். தோண்டுவது குற்றம்.

பிணத்தைப் புதைக்க இதைவிட நல்ல இடம் இங்கிலாந்தில் வேறு உண்டா? அரசாங்கமே காவல் நிற்கும்!

எலும்புகளை மயில் படம் போட்ட போர்வை ஒன்று சுற்றியிருந்தது. மண்டையோட்டின் பின்பக்கம் உடைந்திருந்தது.

*

பற்கள் பெயரைச் சொல்லின.

சயந்தன். வயது முப்பத்தைந்து. வால்தம்ஸ்டோவில் வீடு. ஒன்றரை வருடத்துக்கு முன், 2024 ஒக்டோபர் இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை இரவு வீட்டை விட்டு வெளிக்கிட்டவன் திரும்பி வரவில்லை.

போர்வையும் அவன் வீட்டுப் போர்வைதான்.

மனைவி குமுதினியைக் கைது செய்தார்கள்.

"வெள்ளி இரவு வீட்டில் சண்டை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்." இன்ஸ்பெக்டர் ஹாரிஸ் ஆங்கிலத்தில் அடுக்கினார். "ஞாயிற்றுக்கிழமைதான் வந்து முறைப்பாடு கொடுத்தாள். இடையில் இரண்டு நாள் என்ன செய்தாள்? பிணத்தை மறைத்தாள்!"

"அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, சேர்."

"உதவிக்கு ஆள் இருந்திருக்கும். இன்று மாலை ஆறு மணிக்கு அவள்மேல் கொலைக் குற்றம் பதிகிறேன்."

மணி பன்னிரண்டு.

ஆறு மணி தாண்டினால் எட்டு வயதும் ஐந்து வயதுமாய் இரண்டு பெண் குழந்தைகள், தகப்பனும் இல்லாமல் தாயும் இல்லாமல் நிற்கும்.

வரவேற்பறை வாங்கில் ஸ்ரீதரன் இருந்தார். சயந்தனின் அண்ணன். ஐம்பது வயது. சொந்தமாக மரக்கறிக்கடை. மடியில் இடியப்பப் பார்சல்.

"தங்கச்சி, அந்தப் பிள்ளை ஒரு பாவமும் அறியாது. லோயர் பிடிச்சிட்டன். பிள்ளையள் ரெண்டும் என்ர வீட்டிலதான் நிக்குதுகள். நேற்று முழுக்கச் சாப்பிடாமக் கிடந்திருப்பாள்... இதை உள்ளுக்குக் குடுப்பீங்களோ?"

"வெளிச் சாப்பாடு விடமாட்டினம் அண்ணை."

அவர் கண் கலங்கியது. துசியந்தியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூடப் பிறந்தவன் பெண்சாதிக்காக இப்படி உருக எத்தனை பேருக்கு வரும்?

*

குமுதினியின் கை அடிக்கடி கழுத்தைத் தடவியது. தாலியை நேற்றே கழற்றி வாங்கி உறையில் போட்டுவிட்டார்கள்.

"ரெண்டு நாள் ஏன் பொறுத்தனீங்கள்?"

"கோவம் ஆறினா வருவார் எண்டு இருந்தன் அக்கா. எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை."

"என்ன சண்டை?"

"மூண்டு நாளா அவர் சாப்பிடேல்லை. நித்திரையும் இல்லை. என்ன எண்டு கேட்டா வாய் திறக்கேல்லை. நான் கத்தினன். வெளிக்கிட்டுப் போயிட்டார்."

"வேற என்ன? எதெண்டாலும் சொல்லும்."

குமுதினி வெடித்தாள்.

"அவர் செத்திட்டார் எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை அக்கா! எங்கட சனம்தான் சாகடிச்சது! போன வருசம் கோவிலுக்குப் போறன்... ஐயர் என்னைத் தனியக் கூப்பிட்டு, உன்ர மனுசனுக்கு வருசம் முடிஞ்சு ஆட்டைத் திவசம் நடந்தது, தெரியுமோ எண்டு கேக்கிறார்! உயிரோட இருக்கிறவருக்குத் திதியோ எண்டு கத்திப்போட்டு வந்தனான். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை."

"ஆர் குடுத்தது?"

"கேக்கேல்லை. கேக்கப் பயமா இருந்தது."

துசியந்தியின் பேனா நின்றது.

அவளுடைய மாமாவை யுத்தத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா இன்றுவரை அவருக்குத் திதி கொடுக்கவில்லை. கொடுக்க, செத்த நாள் தெரிய வேண்டுமே!

அப்போது போன் அலறியது.

கம்சிகா!

"அக்கா! உங்கட வெள்ளிக்கிழமை பிழை!"

"என்ன சொல்லுறீர்?"

"அகழிச் சரிவில பைக் ஓடி மண் சிதைஞ்சு போச்செண்டு, வொலன்டியர்ஸ் வந்து புது மண் போட்டு, மேல தென்னந்தும்பு வலை விரிச்சவை. ரெக்கோட் இருக்கு. ஒக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு முடிச்சவை."

"அதுக்கு?"

"அந்த வலையை வெட்டித்தான் இவரின்ர குழியைத் தோண்டியிருக்கு! ஒண்டை ஒண்டு வெட்டினா, வெட்டினதுதான் பிந்தினது. எங்கட வேலையில முதல் பாடமே அதுதான். சனி பின்னேரத்துக்கு முதல் இவரைப் புதைச்சிருக்கவே ஏலாது அக்கா!"

*

ஹாரிஸ் அசையவில்லை.

"சரி. வெள்ளி கொன்றாள். சனி இரவு புதைத்தாள்."

"அதுவரை பிணம் எங்கே இருந்தது, சேர்? ஞாயிறு நம் ஆட்கள் அவள் வீட்டை மேலிருந்து கீழ்வரை சோதித்தார்கள். ஒரு துளி இரத்தம் இல்லை. ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருந்தாளா?"

"கேலி வேண்டாம். அவன் செத்த நாளைச் சொல்லுங்கள். கேட்கிறேன்."

செத்த நாள்...

மணி மூன்றே கால்.

அந்த நாள் கொன்ற ஆள் ஒருத்தருக்குத்தான் தெரியும். அந்த ஆள் கோவிலுக்குப் போயிருந்தால்?

துசியந்தி கார்ச் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

*

பழைய கிடங்கு ஒன்றைக் கோவிலாக்கியிருந்தார்கள். ஐயர் திவசப் பதிவுக் கொப்பியை விரித்தார்.

"ஓம் பிள்ளை. சயந்தனுக்கு ஆட்டைத் திவசம் நான்தான் செய்து வைச்சது. ஐப்பசித் தேய்பிறை, அபரபக்க ஏகாதசி."

துசியந்தி போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தாள். அந்த வருடம் ஒக்டோபர் இருபத்தைந்து, வெள்ளி... நவமி. சனி... தசமி.

ஞாயிறு... ஏகாதசி!

"ஐயா, அவர் காணாமப் போனது வெள்ளிக்கிழமை எல்லே? அண்டைக்கு நவமி!"

"நானும் அதைத்தானே சொன்னன்! நவமியில செய்வம் எண்டன். இல்லாட்டி, நாள் தெரியாதவைக்கு அமாவாசை இருக்கெண்டன். அவர் ஒத்துக்கொள்ளேல்லை. திதி பிழைச்சா அவனுக்குப் போய்ச் சேராது ஐயா, ஏகாதசியிலயே செய்யுங்கோ எண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவர். குமுதினிக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர். எனக்குத்தான் மனம் கேக்கேல்லை."

"அவர் எண்டா... ஆர் ஐயா?"

ஐயர் கொப்பியை அவள் பக்கம் திருப்பினார்.

ஸ்ரீதரன்!

மடியில் இடியப்பப் பார்சலோடு கண் கலங்கிய அதே ஆள்!

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து இரவு பதினொரு மணிவரை குமுதினியைச் சுற்றிப் பொலிஸ்தான் இருந்தது. முதலில் ஸ்டேஷனில், பிறகு வீட்டில். அவளுடைய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டவர் ஹாரிஸ்! இனி அவரே அவளுக்குச் சாட்சி.

*

மாலை ஐந்து மணி. விசாரணை அறை. ரெக்கோடர் ஓடியது. குமுதினிக்காக லோயர் பிடித்த ஸ்ரீதரன், இப்போது தனக்கும் ஒரு லோயரை வைத்துக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, தம்பி எண்டைக்குச் செத்தவர்?"

"எனக்கென்னெண்டு தெரியும் தங்கச்சி? வெள்ளிதானே போனவன்."

"வெள்ளி நவமி. நீங்கள் ஏகாதசியில குடுத்திருக்கிறீங்கள்."

ஸ்ரீதரன் லோயரைத் திரும்பிப் பார்த்தார்.

"அது... ஐயர் மாறிப் பாத்திட்டார்."

"ஐயர் சரியாத்தான் பாத்தவர். நீங்கள்தான் மாத்தினீங்கள். கையைப் பிடிச்சு அழுதனீங்களாம்."

மேசையில் அவள் போன் அதிர்ந்தது. வாசித்தாள். முகம் கறுத்தது.

"உங்கட கடைக்குப் பின்னால ஒரு ஸ்டோர் ரூம் இருக்கு. கதவின்ர உள்பக்கம் பெயின்ற் அடிச்சிருக்கிறீங்கள். எங்கட ஆக்கள் சுரண்டிப் பாத்தவை. கீழ நகக்கீறல்..."

லோயர் அவர் தோளைத் தொட்டார். ஸ்ரீதரன் அதை உதறினார்.

"அந்தச் செவ்வாய்க்கிழமை நான் குடிச்சிருந்தன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "காட்டு ரோட்டில சைக்கிளில ஒருத்தன்... இடிச்சிட்டன். தம்பி பக்கத்து சீட்டில. நிப்பாட்டு, நிப்பாட்டு எண்டு கத்தினவன். நான் நிப்பாட்டேல்லை. அந்தச் சைக்கிள்காரன் செத்திட்டான். வெள்ளி இரவு தம்பி கடைக்கு வந்து, பொலிசுக்குப் போகப்போறன் எண்டான்..."

"பூட்டி வைச்சனீங்கள்."

"ரெண்டு நாள் கெஞ்சினன்! காலிலயும் விழுந்தன்! சாப்பாடு குடுத்தன். உள்ளுக்குக் குளிர். குமுதினி முந்திக் கடைக்குத் தந்த போர்வை கிடந்தது... குளிருமெண்டு நான்தான் போத்திவிட்டன். ஞாயிறு பின்னேரம் கதவைத் திறக்க ஓட வெளிக்கிட்டான். கையில கம்பி இருந்தது. ஒரே ஒரு அடி தங்கச்சி..."

"அந்த அகழி?"

"கடையில வேலை செய்யிற லதீசன் அங்க மண் போடப் போய் வந்தவன். புது மண், இனி அதில ஆரும் கை வைக்க ஏலாது எண்டு சனிக்கிழமை கதையோட கதையாச் சொன்னவன். தோண்டின தடம் தெரியாது எண்டு நினைச்சன்."

ஸ்ரீதரன் நிமிர்ந்தார்.

"ஆனா திதி மட்டும் சரியாக் குடுத்தன்! அவன் ஆவியா அலையக் கூடாது. நான் அவனுக்கு அண்ணை!"

*

ஐந்து ஐம்பது. குமுதினியின் விடுதலைத் தாளில் ஹாரிஸ் கையெழுத்துப் போட்டார்.

குமுதினி தாலி இருந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். துசியந்தி சொல்லி முடிக்கும்வரை அழவில்லை.

"வெள்ளிக்கிழமையோ அக்கா?"

சொல்லாமல் விடலாமா என்று துசியந்தி யோசித்தாள். ஆனால் நாள் தெரியாமல் இருபது வருடமாய் வாழும் தன் தாயை அவளுக்குத் தெரியும்.

"இல்லை. ஞாயிறு பின்னேரம்."

"ஞாயிறு நான் இஞ்சதானே இருந்தனான்... இந்த வாங்கிலதானே..."

"ஓம்."

"அப்ப சனி முழுக்க உயிரோட இருந்திருக்கிறார்." குரல் மெல்லக் கிழிந்தது. "வெள்ளி இரவே பொலிசுக்கு வெளிக்கிட்டனான் அக்கா. ஸ்ரீதரன் அத்தான் போன் எடுத்து, பொறு பிள்ளை, பொலிசுக்குப் போனா அவனுக்கு வெக்கம் எண்டவர். சனியும் மூண்டு தரம் எடுத்தவர். பொறு, பொறு, பொறு எண்டு... நானும் பொறுத்தன்!"

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையைக் கேட்க முடியாமல், வரவேற்பறைப் பொலிஸ்காரன் வெளியே போய் நின்றான். துசியந்தி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பொலிஸ் செய்யக் கூடாத வேலை. செய்தாள்.

குமுதினியைப் பிள்ளைகளிடம் அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, விலங்கோடு ஸ்ரீதரனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் நின்றார்.

"தங்கச்சி, ஒரு உதவி. வாற ஐப்பசி ஏகாதசிக்கு ஒரே ஒரு நாள் லீவு விடுவினமோ? திதி குடுக்காட்டித் தம்பி பட்டினி கிடப்பான்."

துசியந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு நாளென்ன அண்ணை, கடைக்கே இனி இருபத்தைஞ்சு வருசம் லீவு! பஞ்சாங்கம் ஒண்டு வாங்கி அனுப்பிறன்... உள்ளுக்க இருந்து நாள் எண்ண உதவும்!"