மூன்று மணிக் கச்சான்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வேலை உண்டு. நன்றிமடல் எழுத வேண்டும். யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்துக்கு, இருநூறு சொற்களுக்கு மிகாமல். அதில் பெயர் கூடாது, ஊர் கூடாது, தொழில் கூடாது. உணவுப் பண்டம் அறவே கூடாது. புட்டு என்றோ பணியாரம் என்றோ ஒரு சொல் வந்தால் போதும், ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். இதையெல்லாம் பிடிப்பதற்கு மொழித்திசு மையத்தில் சல்லடை என்றொரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். வானிலை எழுதலாம். அம்மா, தம்பி என்று எழுதலாம். அவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்பதைச் சல்லடை எப்படியோ ஒப்புக்கொண்டிருக்கிறது.

மடலைப் பெற்ற குடும்பம் விரும்பினால் ஓரிரு வரியில் பதில் அனுப்பலாம். அதற்கு நாம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அடுத்த டிசம்பர்தான்.

முப்பது வருடமாக வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதிப் பிழைத்தவனுக்கு இருநூறு சொல் என்பது ஒரு தும்மல். ஆனால் இந்த ஜனவரியில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல்.

மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்கட்டி. கண் விழித்தபோது "அப்புறம்" என்பதைத் தவிர மற்றதெல்லாம் போயிருந்தது. டாக்டர் என் பெயரைக் கேட்டார். அப்புறம் என்றேன். பாவம், அவரும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பசி, தாகம், கழிவறை, பயம் எல்லாவற்றுக்கும் அதே அப்புறம்தான். என் மனைவி மங்கையர்க்கரசி இரண்டு மாதத்தில் அதில் பதினான்கு வகை பிரித்துக் கற்றுக்கொண்டாள். பதினைந்தாவது வகையை நான் அழுதுகொண்டே சொன்னபோது மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

மார்ச்சில் மொழித்திசு வைத்தார்கள். இறந்துபோன யாரோ ஒருவருடைய பேச்சுத் திசுவிலிருந்து வளர்த்த ஒட்டு அது. நன்றிமடல் அவருடைய குடும்பத்துக்குத்தான். ஒரு மாதத்தில் சௌந்தரபாண்டி என்ற என் பெயரை நானே சொன்னேன். என் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கூடவே, மையத்தில் 'விருந்தாளிச் சொற்கள்' என்று அழைக்கப்படும் சிலவும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தன.

ஜூனில் எழுதிய பத்தியில் என் ஆள் ஒருவன் வைகைப் பாலத்தில் நின்றுகொண்டு வறுத்த கச்சான் தின்றான். ஆசிரியர் மிக்கேல் தூத்துக்குடிக்காரர். உடனே போன் செய்தார்.

"கச்சான்னா மேல்காத்துல்லா அண்ணாச்சி. காத்த எப்படி வறுப்பிய?"

எழுதியதே எனக்கு நினைவில்லை. அவரே யாரிடமோ விசாரித்து, இலங்கைத் தமிழில் நிலக்கடலைக்கும் அதுதான் பெயர் என்று மறுநாள் சொன்னார். நான் மதுரையைத் தாண்டிப் போனது கொடைக்கானல் வரைக்கும்தான். அதுவும் பாதி மலையில் வாந்தியெடுத்துத் திரும்பியாயிற்று.

அதன்பிறகு எழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை. மூன்று வரிக்கு ஒரு சிரிப்பு வைப்பது என் வழக்கம். இப்போது மூன்றாவது வரிக்குப் போனால், சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பெண் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசகர்களில் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் முதல்முறையாகக் கடிதம் போட்டார்கள். இப்போதுதான் நான் எழுத்தாளர் மாதிரி எழுதுவதாக மிக்கேல் சொன்னார். முப்பது வருடம் கழித்து வந்த பாராட்டு, அதுவும் வேறொருவருக்குச் சேர வேண்டியது.

டிசம்பர் முதல் தேதி மடலை எழுதினேன். நலம், நன்றி, மறக்கமாட்டேன். எல்லோரும் எழுதுவதுதான். கடைசி வரி மட்டும் தானாக வந்து விழுந்தது: 'மூன்று மணிக் கச்சான் யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.' எனக்கு அது விளங்கவில்லை. சல்லடைக்கு நன்றாக விளங்கிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு வீசும் மேல்காற்று என்று முடிவுகட்டி அனுமதித்துவிட்டது.

இருபதாம் தேதி பதில் வந்தது.

"மூண்டு மணிக் கச்சானை அம்மா ஆருக்கு ஒளிச்சு வைச்சவ, அக்கா எனக்கோ தம்பிக்கோ? தம்பியும் இப்ப இல்லை."

மங்கைதான் முதலில் பிடித்தாள். மணி என்றால் நேரமில்லை, பருப்பு. ஓட்டுக்குள் மூன்று பருப்பு உள்ள கடலை அபூர்வம். அதை ஒரு தாய் ஒளித்து வைத்திருக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் அது யாருக்கு என்று சண்டை போட்டு வளர்ந்திருக்கிறார்கள். இப்போது மிச்சமிருப்பது ஒருத்தி. விடை என் தலைக்குள் இருக்கிறது.

அதுவும் இன்னும் பதினோரு நாள்தான் இருக்கும். முப்பத்தொன்றாம் தேதி எனக்குக் கழுவல். விருந்தாளிச் சொற்களை நீக்கினால்தான் உடம்பு ஒட்டை முழுதாக ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் மூன்றில் ஒருவருக்கு ஒட்டு கருகிவிடும். கருகினால் என்ன ஆகும் என்று கேட்டேன். டாக்டர் இன்பவல்லி பொய் சொல்லத் தெரியாதவர்.

"மறுபடியும் அப்புறம்தான் சார்."

தினமும் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மாளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். கெஞ்சினேன். எரிச்சலில் திட்டவும் செய்தேன். வரவில்லை. கழுவலைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று மங்கையிடம் மெல்ல இழுத்தேன்.

"ரெண்டு மாசம் ஒங்க அப்புறத்தோட குடும்பம் நடத்துனவ நான்," என்றாள். "அந்தப் பிள்ளைக்கு அம்மா போயிருச்சு. எனக்கு நீங்க இன்னும் போகல."

இன்று காலை மையத்தின் வராந்தாவில் காத்திருந்தோம். மங்கை வாசலில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கி வந்தாள். எனக்கு வெறும் வயிறு. தின்ன அனுமதியில்லை, உரித்துக் கொடுக்க அனுமதி உண்டு. உரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நீளமான கடலை கையில் தட்டுப்பட்டது. அதை உடைக்காமல் அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். என் வாய் திறந்தது.

"இந்தா பிள்ளை. அவனிட்டைச் சொல்லாதை."

மங்கை பேனாவை எடுத்து, அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். விடை கிடைத்துவிட்டது. மகளுக்குத்தான்.

பொட்டலத்தின் அடியில் இன்னொரு நீளக் கடலை இருந்தது. அதையும் அவள் கையில் வைத்து மூடினேன்.

"இந்தா தம்பி. அவளிட்டைச் சொல்லாதை."

மங்கையின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. "இது எழுத வேணாங்க," என்று சீட்டை மடித்துவிட்டாள். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கழுவி முடித்து மாலையில் வீட்டுக்கு வந்தோம். இதை எழுதுவது சுத்தமான நான். காலையில் என் வாய் சொன்ன இரண்டையும் மங்கை சொல்லித்தான் எழுதினேன். கச்சான் என்றால் இப்போது எனக்கு மிக்கேல் சொன்ன காற்று மட்டும்தான். மங்கை பத்திரமாகக் கொண்டுவந்த அந்த இரண்டு கடலைகளில் ஒன்றைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. உரித்துத் தின்றுவிட்டேன். மூன்று பருப்பு.

மங்கைக்கும் ஒரு மடல் எழுத வேண்டும். அதற்குச் சல்லடை கிடையாது. இருந்தும் முப்பது வருடமாக அப்புறம், அப்புறம் என்றே தள்ளி வந்திருக்கிறேன். ஜனவரியில் அந்தச் சொல் மட்டும் மிஞ்சியதில் ஆச்சரியமில்லை.

அடுத்த டிசம்பர் மடலுக்கு இப்போதே ஒரு வரி எழுதி வைத்துவிட்டேன். சல்லடை இதையும் வானிலை என்றே நம்பும். அதுவரை நான் இருக்க வேண்டும், அந்தப் பெண்ணும் இருக்க வேண்டும்.

'மூன்று மணிக் கச்சான் உங்கள் பக்கம்தான் வீசியது. தம்பிக்குத் தெரியாது.'