பின்னறையின் முந்நூறு சதுர அடி

காஞ்சிபுரத்தைத் தாண்டி, கூரம் போகும் சாலையில் கார் திரும்பிய பிறகும் பிரேம்நாத் வாயை மூடவில்லை.

“வேளச்சேரி இன்னிக்கு இன்னா போவுது தெரியுமா? சதுர அடி நாலாயிரம். நான் வாங்குறப்ப ஆயிரத்து நூறு. போரூர் மூவாயிரம். தாம்பரம் ரெண்டாயிரத்து ஐநூறு, பூந்தமல்லி ரெண்டாயிரம். ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனிங்க வந்துக்கினே இருக்குது, அங்கயே அறுநூறு. நம்ம கூரத்தை எவன் சீந்துறான்? ஏதோ அந்த பரமசிவம் குடோன் கட்டணும்னு ஐநூறுக்கு ஒத்துக்கினான்.”

“சீந்தாத வீட்டுல எனக்குப் பாதி குடுக்க உனக்கு ஏன்ணா வயிறு எரியுது?” என்றாள் அபிநயா.

அண்ணன் ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டான். 

இரண்டாயிரத்து ஏழு, ஐப்பசி மாதம். மதியத்திலேயே வானம் கரிச்சட்டி மாதிரி கவிழ்ந்திருந்தது. பூந்தமல்லியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் அபிநயாவுக்கு லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில்தான் சொந்தம். அதுவும் மாத வாடகைக்கு. ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். அப்பாவுக்குப் பிறகு அம்மா பொன்னியம்மாளும் விட்டுப்போன இந்த வீட்டில் பாதி கைக்கு வந்தால் அதற்கு அட்வான்ஸ் கட்டிவிடலாம். பின் சீட்டிலோ, ‘எனக்குப் பங்கே வேண்டாம்’ என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய விடுதலைப் பத்திரம் கிடந்தது. அதன்மேல் ஒரு துணிப் பை.

“சும்மா போட வேணாம். சீரா பட்டுப்புடவை வெச்சிருக்கேன், பாரு,” என்றான் பிரேம்நாத்.

வீடு மழையில் நனைந்துகொண்டு நின்றது. அம்மா போன பிறகு ஒரு வருஷமாகத் திறக்காத வீடு. கூடம், நடு அறை, பின்னறை என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நீளும். பூட்டைத் திறந்ததும் வௌவால் எச்சத்தின் நெடி முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை.

மஞ்சளும் மல்லிகையும்.

புதிதாக.

அபிநயாவின் கண் தானாகப் பின்னறைப் பக்கம் போனது. அங்கேதான் குழலி இருந்தாள்.

முழுப்பெயர் ஏலவார்குழலி. அபிநயாவின் அக்கா. சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்திருந்த நேரம். நர்ஸ் படிக்கப் பணம் இல்லை என்று அப்பா முனிசாமி கைவிரித்ததும், “என் பங்கைக் குடுங்க, நானே படிச்சுக்கறேன்,” என்று கேட்டுவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளைப் பின்னறையில் போட்டுப் பூட்டினார்கள். இதே மாதிரி அடைமழை. ராத்திரி முழுக்கக் கதவைத் தட்டினாள். “அபி, கதவைத் தொற. உள்ள பாம்பு இருக்குது.” சாவி பிரேம்நாத்தின் சட்டைப் பையில். “நடிக்கிறா, படு,” என்றான். பதின்மூன்று வயது அபிநயா போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். விடிந்து திறந்தபோது குழலியின் கால் நீலமாக வீங்கியிருந்தது. ஊருக்குச் சொன்னது, விஷக் காய்ச்சல்.

அப்புறம் அவளைச் சாமியாக்கினார்கள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணை வீட்டிலேயே பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பின்னறை மூலையில் ஒரு மூங்கில் கூடை, அதற்குள் அவளுக்கென்று ஒரு புடவை. வருஷத்துக்கு ஒரு தரம் அம்மா பிள்ளையார்பாளையத்துக்கு நேரில் போய்த் தறிக்காரரிடம் புதுப்புடவை வாங்கி வந்து வைப்பாள். புதுசு வைத்த பிறகுதான் பழசை எடுத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கலாம். வீடு மாறினால் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கூடையோடு அழைத்துப் போக வேண்டும். உயிரோடு இருந்தவளுக்கு ஒரு சாண் இடம் தராதவர்கள், செத்தவளுக்கு ஒரு மூலையைக் கொடுத்தார்கள். நினைத்தாலே அபிநயாவுக்குப் பல் நறநறத்தது.

“மேஸ்திரி வரலை, நானே அளந்துடறேன். பத்திரத்துல அகலம் இருபது, நீளம் நாப்பத்தஞ்சு. தொள்ளாயிரம் சதுர அடி,” என்றபடி பிரேம்நாத் எஃகு டேப்பை எடுத்தான். “நீ உள்ள போய் முனையைப் பிடி.”

“மொதல்ல அந்தச் சீரைப் பாத்துட்டு வரேன்.”

அவன் ஃபோனில் பரமசிவத்திடம் கத்திக்கொண்டிருந்தான். காதில் வாங்கவில்லை.

அவள் காருக்குப் போய்ப் பையைப் பிரித்தாள். அரக்குப் பட்டு. சின்னக் கரை. முந்தானை ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை.

அந்தக் கறை அபிநயாவின் விரல்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அம்மாவோடு உட்கார்ந்து மடித்துக் கூடைக்குள் வைத்தபோது பட்டது.

குழலியின் புடவை. புதுசு வைக்காமல், கேட்காமல், எப்போதோ வந்து திருடிப் போயிருக்கிறான். செத்த தங்கையின் புடவையைக் கொடுத்து, இருக்கிற தங்கையின் பங்கை வாங்கப் பார்க்கிறான்.

புடவையை அள்ளிக்கொண்டு, கத்துவதற்காகவே வாசலுக்கு ஓடினாள்.

கத்தவில்லை.

பிரேம்நாத் முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்தின் முன் சுவரோரம் நின்றிருந்தான். கையில் டேப் டப்பா. எஃகு நாடா நடு அறையைக் கடந்து, பின்னறை வாசலில் இருந்த இருட்டுக்குள் விறைப்பாகப் போயிருந்தது.

“இன்னும் உள்ள போ அபி,” என்றான் இருட்டைப் பார்த்து. “முப்பதுதான் காட்டுது. முந்நூறு சதுர அடி இடிக்குது பாரு. பின் சுவத்துல வை.”

நாடா அசையவில்லை.

“சொன்னா கேக்க மாட்டியா? வாசப்படியிலயே நின்னுக்கினு இன்னா பண்றே?”

அபிநயா புடவையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“அண்ணா. நான் இங்க இருக்கேன்.”

அவன் திரும்பினான்.

அவளைப் பார்த்தான். அவள் கையில் இருந்த புடவையைப் பார்த்தான்.

நாடா தளரவில்லை.

உள்ளேயிருந்து இரண்டு தரம் சுண்டி இழுத்தது, வா என்பது போல.

அவன் கையை உதறினான். டப்பா தரையில் விழுந்து, ஸ்பிரிங் வேகத்தில் பாயாமல், யாரோ நிதானமாகச் சுற்றி இழுப்பது மாதிரி, தேய்ந்து தேய்ந்து உள்ளே போனது.

பயந்தால் பிரேம்நாத்துக்குக் கோபம்தான் வரும். “எவனோ உள்ள பூந்துக்கினு ஆட்டம் காட்டுறான்,” என்று கூடத்து மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். பின்னறைக்குள் அவன் முதுகு மறைந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

சத்தமே இல்லாமல்.

அபிநயா ஓடிப்போய்த் தள்ளினாள். வெளித் தாழ்ப்பாள் துருப்பிடித்துத் திறந்தேதான் கிடந்தது. இருந்தும் கதவு நகரவில்லை. மறுபக்கம் யாரோ சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கனம்.

தட்டும் சத்தம்.

“அபி, கதவைத் தொற.” அண்ணனின் குரல்தான். “உள்ள ஏதோ ஊருது. கால்கிட்ட ஊருது.”

அதே கதவு, அதே வார்த்தை. அபிநயாவின் கை தாழ்ப்பாளில் அப்படியே நின்றது. உள்ளுக்குள் பதினான்கு வருஷக் கோபம் கொதித்து ஏறியது. நடிக்கிறான், படு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒரு கணம் போகவே நினைத்தாள்.

“அவ புடவையவா எனக்கு சீரு குடுத்தே?”

“புதுசு வாங்கித் தரேன். பாதி தரேன், இன்னிக்கே எழுதித் தரேன். தொற.”

“நான் பூட்டலை. என்கிட்ட சொல்லாத. அவகிட்ட சொல்லு.”

 மழை மட்டும் ஓட்டில் கொட்டியது. பிறகு, இரண்டு மூச்சு. ஒன்று அவனுடையது.

“குழலி,” என்று கிசுகிசுத்தான் பிரேம்நாத். அவள் செத்த பிறகு அந்தப் பேரை அவன் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. “உனக்கும் மூணுல ஒரு பங்கு இருக்குது. எங்க வேணுமோ அங்க எடுத்துக்கோ. என்னை விட்டுடு.”

கதவு திறந்துகொண்டது.

வெளியே வந்தவனின் முழங்காலுக்குக் கீழே எஃகு நாடா சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. அபிநயா குனிந்து பிரித்தெடுத்தாள். அந்த இடத்தில் தோல் நீலமாக இருந்தது.

புடவையைத் திருப்பி வைக்க உள்ளே போனாள். மூலை காலியாகக் கிடந்தது. கூடை இருந்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம் மட்டும்.

கூடை காரில் இருந்தது. கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்த காரின் பின் சீட்டில், விடுதலைப் பத்திரத்தின் மேல். பத்திரம் ஊறிக் கூழாகியிருந்தது.

 அபிநயா புடவையை மடித்துக் கூடைக்குள் வைத்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள். பூந்தமல்லியில் அவள் இறங்கியபோது கூடையைத் தொட பிரேம்நாத் துணியவில்லை. “நீ எடுத்துக்கினு போயேன்,” என்றான் கெஞ்சலாக.

“அவளைக் கூப்பிட்டது நீதானேண்ணா.”

கார் வேளச்சேரிக்குப் போனது.

கூரத்து வீடு பரமசிவத்துக்குப் போய், சொன்னபடி பாதிப் பணம் வந்தது. அபிநயா சொந்த ஃபிளாட்டில் பால் காய்ச்சினாள். சின்ன வீடுதான், அளந்து பார்த்தால் ஒரு அங்குலம் குறையவில்லை. மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் அண்ணன் ஃபோன் செய்தான். குரல் உடைந்திருந்தது.

“பின் பெட்ரூமுக்கு அலமாரி செய்ய ஆசாரி வந்தாரு. டேப்பு வாசப்படியைத் தாண்ட மாட்டேங்குதாம். யாரோ முனையைப் பிடிச்சுக்கினு விட மாட்டேங்குறாங்கன்னு சொல்லிட்டு, கூலி கூட வாங்காம போயிட்டாரு.”

“எவ்ளோ இடிக்குது?”

“வீட்டுல மூணுல ஒரு பங்கு.”

அபிநயா ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்.

“வேளச்சேரி இப்ப இன்னா போவுதுண்ணா?”

 அவனுக்குப் பின்னால், ஃபோன் வழியே, மரக் கதவை விரல் கணுவால் நிதானமாகத் தட்டும் சத்தம் கேட்டது.

“யாருண்ணா தட்டுறது? அண்ணியா?”

“இல்ல அபி,” என்றான் பிரேம்நாத். “நாங்க எல்லாரும் ஹால்லதான் இருக்கோம்.”