‘அவன்’ என்றொரு புகார்

காலை ஷிப்டுக்கு வந்ததும் செலினா வழக்கம்போல் சாம்பல் நிறக் கவசத்தைத் தலையில் மாட்டி, குரல்திரையை முடுக்கினாள். இனி மாலைவரை அவள் எண் பதினெட்டு. தூத்துக்குடியின் மிதவைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அத்தனை பேருக்கும் ஒரே முகம், ஒரே குரல். ‘வந்தான்’ இல்லை, ‘வந்தாள்’ இல்லை, எல்லோரும் ‘வந்தார்’தான்.

முகமறைச் சட்டம் மட்டும் வந்திராவிட்டால் செலினாவுக்கு இந்த வேலை ஏது? கடல் விழுங்கிய மொசாம்பிக் கரையிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அவள் பிறந்தது, படித்தது, தெருவில் சண்டை போட்டது எல்லாம் தூத்துக்குடித் தமிழில்தான். ஆனாலும் அந்தக் கால நேர்முகத் தேர்வுகளில் நிறத்தைப் பார்ப்பார்கள், பெண் என்பதைப் பார்ப்பார்கள், “சொல்லி அனுப்புதோம்மா” என்பார்கள். இன்றுவரை ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை.

இப்போது தலைமைக் கிரேன் இயக்குநர் பதவி காலி. ஒரே நாற்காலி. தனக்குத்தான் என்றிருந்தாள், எண் முப்பத்தொன்று வந்து தொலையும்வரை.

“அருமையான யோசனை! நீங்க மேல சொல்லுங்க,” என்று அன்றைய கூட்டத்தில் முப்பத்தொன்றிடம் குழைந்தார் மேலாளர் சிதம்பரதாணு. சட்டத்துக்கு முந்தைய ஆள், கவசம் கிடையாது. அந்தப் பல்லிளிப்பைப் பார்க்கப் பார்க்கச் செலினாவுக்கு வயிறு எரிந்தது. முப்பத்தொன்றுக்கு என்ன ஒரு தெனாவட்டு! ‘நீ சும்மா இரு’ என்று பிறந்ததிலிருந்தே யாரும் சொல்லிக் கேட்டிராத ஆளின் பேச்சு. ஆண்தான், சந்தேகமே இல்லை. அதுவும் பெரிய இடத்துப் பிள்ளை.

தன் அடையாளத்தை வெளிக்காட்டியவர் பதவிக்குப் போட்டியிட முடியாது என்பது சட்டம். சாப்பாட்டு நேரத்தில் செலினா புகார் எழுதினாள்: ‘எண் முப்பத்தொன்று, தான் ஓர் ஆண் என்று பேச்சில் காட்டிக்கொண்டான்.’ பச்சைப் பொய். ஆனால் அந்த ‘ன்’னைத் தட்டியபோது அப்படி ஓர் ஆனந்தம்! புகார் கொடுத்தவரின் திரையும் விலக்கப்படும் என்ற கடைசி விதியை ஆத்திரத்தில் அவள் படிக்கவே இல்லை.

மூன்று மணிக்கு மேலாளர் அறையில் இரண்டு கவசங்களும் கழன்றன. எதிரே ஓர் இளம்பெண். செலினாவின் அதே நிறம், அதே சுருட்டை முடி.

“அக்கா, நீங்களா பதினெட்டு?” அவள் கண்கள் விரிந்தன. “உங்கள ஆம்பளைன்னுல்லா நெனச்சேன்! எவ்ளோ தைரியமா பேசுவீய. பொறாமையா இருக்கும். தெனமும் வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு உங்கள மாதிரியே பேசிப் பழகுனேன்.”

இத்தனை நாள் செலினா வெறுத்தது தன் பேச்சையேதான்.

“சார், இவங்க மேல தப்பில்ல, நான்தான் பொய்...” என்று தொடங்கினாள்.

சிதம்பரதாணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் வாய் நிறைய இருந்த ‘நீங்க’ எங்கே போயிற்றோ!

“ஏம்மா, நீ சும்மா இரு,” என்றார். “ரெண்டு பேரும் போங்க. சொல்லி அனுப்புதோம்.”